உன் தங்கச்சி நடனம் பழகவில்லை

தம்பி,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ சிட்னிக்குத் திரும்பிப் போன நேரத்திலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைக்கும்போது எழுதினேன், ட்ராமில் நின்றுகொண்டு எழுதினேன், உலை கொதிக்கும்போது எழுதினேன். இன்று வியாழக்கிழமை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் குசினி மேசையில் இருந்து கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உறையில் போட்டு ஒட்ட மாட்டேன். இந்த மேசையிலேயே விரித்து வைப்பேன். அப்பாவும் உன் தங்கச்சி வதனியும் வாசித்த பிறகுதான் தபாலுக்குப் போகும். நீயும் இதை ஒளித்து வைக்காதே. ஒளித்து வைக்கிற வேலை இந்த வீட்டில் போதும் போதும் என்றாகிவிட்டது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய். சனிக்கிழமை பின்னேரம் நீ வந்தாய். அடுத்த நாள் நீ கட்டப்போகிற கௌரியின் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டைப் பார்க்க சிட்னியிலிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தலைகால் தெரியாத அவசரம். வடைக்கு உழுந்து கழுவிக்கொண்டிருந்தேன். நீ ஹோலுக்குள் நின்றுகொண்டு, "அம்மா, இதுகளைக் கொஞ்சம் ஒதுக்குவம், இடம் காணாது" என்றாய். கதிரைகளைச் சொல்கிறாய் என்று நினைத்து நானும் ஓம் என்றேன். ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால் வதனியின் பதினொரு கிண்ணங்களும் இல்லை. பதக்கங்கள் தொங்கவிட்ட பலகை இல்லை. அவள் ஐஸின் மேல் ஒற்றைக் காலில் நிற்கிற படம், பேப்பரில் வந்ததை அப்பா வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிய படம், அதுவும் இல்லை. அந்த ஆணியில் நீ கலண்டரை மாட்டியிருந்தாய். எல்லாம் கராஜுக்குள், புல்லு வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால், ஒரு பழைய போர்வையால் மூடிக் கிடந்தன. விருந்தாளிகள் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் முதல் பிழை.

கௌரியின் தாய் நல்ல மனிசி. வந்து இருந்ததும் வதனியைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினா. "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்டா. வதனி வாய் திறக்க முதலே நீ சொன்னாய்: "படிக்கிறா அன்ரி. பரதநாட்டியமும் பழகுறா." கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாய். அந்த மனிசி சந்தோசத்தில், "அட, எங்கட கௌரியும் பழகினவதானே. ஒரு சின்னத் துண்டு ஆடிக் காட்டுங்கோ பிள்ளை" என்றா. வதனி உன்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வடைத் தட்டை எடுத்து நீட்டினேன். நீ இரண்டாவது பொய்யைச் சொன்னாய்: "அவவுக்கு முழங்கால் நோ அன்ரி, டொக்டர் ஆட வேண்டாம் எண்டவர்." அதற்குப் பிறகு நடந்ததை நீ கவனித்தாயோ தெரியாது, நான் கவனித்தேன். வதனி தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனாள். திரும்பி வரும்போது நொண்டி நடந்தாள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள். உன் பொய்யைக் காப்பாற்றுவதற்காக நொண்டினாள். தன் வயதுப் பெண்களில் இந்த நாட்டிலேயே வேகமான கால்கள், தம்பி.

கௌரியின் தகப்பன் அப்பாவிடம் எங்கே வேலை என்று கேட்டதற்கும் நீதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாய். "பெரிய கொம்பனியில குளிரூட்டல் எஞ்சினியர்." அப்பா தன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். அவருடைய விரல்களில் எண்ணெய்க் கறை போகாது என்பது உனக்குத் தெரியும். கொழும்புத் துறைமுகத்தில் மீன் குளிரறைகளுக்குப் பொறுப்பாக இருந்த மனிசன். வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் இந்த நாடு கதவைக் கொஞ்சம் திறந்த புதிதில் உங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு மெல்பேர்ணில் வந்து இறங்கினோம். அவருடைய பத்திரங்களை இங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்கேற்றிங் மண்டபம் ஒன்றில் ஐஸை உறைய வைக்கிற இயந்திரங்களைப் பார்க்கிற வேலை கிடைத்தது. ஐஸுக்குக் கீழே ஓடுகிற குழாய்களில் எது நோகிறது என்று காதை வைத்துக் கேட்டே சொல்லுவார். அந்த வேலையின் சம்பளத்தில்தான் நீ எஞ்சினியரிங் படித்தாய். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

வதனி எப்படி ஐஸில் ஏறினாள் என்பதை நீ மறந்திருப்பாய். மறக்கத்தான் உனக்கு விருப்பம். நாங்கள் வந்த முதல் குளிர்காலம். உனக்குப் பதினேழு வயது, அவளுக்கு எட்டு. அப்பா வேலை செய்கிற இடம் என்று உங்கள் இரண்டு பேரையும் சும்மா உள்ளே விடுவார்கள். ஒரு சனிக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ என்று உன்னை அனுப்பினேன். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை. நீ இரண்டு தரம் விழுந்தாய். உன் வயதுப் பெடியன்கள் சுற்றி நின்று சிரித்து, உன் நிறத்தை வைத்து ஒரு பெயர் சொன்னார்கள். அது கொடுமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தாய். தங்கச்சியை விட்டுவிட்டு வந்தாய். வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாய். நான் தொழிற்சாலையிலிருந்து வந்து "வதனி எங்கை?" என்று கேட்கும்வரை உனக்கு அவளுடைய ஞாபகமே இல்லை. நான் அந்த ரோட்டில் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஐஸின் நடுவில் சிவப்பு ஸ்வெற்றர் போட்ட சின்ன உருவம். சுவரைப் பிடிக்கவில்லை, ஆளைப் பிடிக்கவில்லை. என்னைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, பாருங்கோ, நான் விழேல்லை!" நான் அவளுக்கு அடித்தேன். எல்லார் முன்னாலும் கன்னத்தில் அடித்தேன். அடி உனக்கு விழுந்திருக்க வேண்டும். கையில் அகப்பட்டவள் அவள். அதே பெயரை அவளுக்கும் அந்தப் பெடியன்கள் சொல்லியிருக்கிறார்கள், பிறகுதான் சொன்னாள். ஆனாலும் அவள் அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு அப்பா காலை வேலைக்குப் போகும்போது அவளையும் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். விடியற்காலை ஐந்தரைக்கு ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆட்கள் இல்லை. இரேனா என்று ஒரு மனிசி, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறியவ, அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பழக்குவா. வதனி மூலையில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்வதைக் கண்டுவிட்டுத் தானாகக் கூப்பிட்டா. முதல் மூன்று வருசம் துள்ளலும் இல்லை, சுழலலும் இல்லை. ஐஸின் மேல் எட்டு எழுதுவதுதான் வேலை. ஒற்றைக் காலில் நின்று ஒரு வட்டம், கால் மாற்றி மற்ற வட்டம், பிறகு அதே கோட்டின் மேல் திரும்பவும், திரும்பவும். கோடு ஒரு விரல்கூட விலகக் கூடாது. நீ அந்த நேரம் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பதாகச் சொல்லிக் காலை எட்டு மணிவரை போர்வைக்குள் இருப்பாய். அவள் மூக்கு சிவந்து, விரல் விறைத்து வந்து, உன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

பன்னிரண்டு வயதில் முதல் பெரிய போட்டி. கலர் ரெலிவிஷன் வந்த வருசம், உனக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். எட்டு எழுதுகிற பகுதியில் அவள் முதலாவது. அடுத்தது பாட்டுக்கு ஆடுகிற பகுதி. ஒரு பிழையும் விடவில்லை, எனக்கே தெரிந்தது. புள்ளிகள் வந்தபோது ஐந்தாவதாக இறக்கியிருந்தார்கள். இரேனா போய் நடுவர்களோடு கதைத்துவிட்டு முகமெல்லாம் சிவந்து வந்தா. கார் நிற்கிற இடத்தில் நின்று படபடவென்று இங்கிலிஸில் கொட்டினா. எனக்கு அவவுடைய பேச்சு பிடிபடவில்லை. "என்ன பிள்ளை சொல்லுறா?" என்று வதனியைக் கேட்டேன். அவள் சப்பாத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் நல்லாச் செய்யிறனாம் அம்மா. ஆனா இந்த விளையாட்டுக்குப் பார்க்கச் சரியான ஆள் இல்லையாம்." தன்னைப் பற்றிச் சொன்னதைத் தானே எனக்கு மொழிபெயர்த்தாள், தம்பி. பன்னிரண்டு வயதில். அப்படிச் சொன்ன நடுவரின் முகத்தை இன்றைக்கும் எனக்குத் தெரியும். ரோட்டில் கண்டால் இன்றைக்கும் கேட்பேன்.

வேக ஓட்டம் அதிலிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் போன பிறகு அதே ஐஸில் ரெக்ஸ் என்று ஒரு குழாய் வேலைக்காரன் வேக ஓட்டக்காரரைச் சேர்த்துப் பழக்குவான். மூலைகளில் ரப்பர்க் கட்டைகளை வைத்துவிட்டு, ஐந்தாறு பேர் குனிந்தபடி சுற்றிச் சுற்றிப் பறப்பார்கள். சப்பாத்தின் அடியில் இருக்கிற அலகு கத்தி மாதிரி நீளம். வதனி ஒரு நாள் வந்து, "நான் அதுக்கும் போகப்போறன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அங்க ஆர் முதல் வருகினமோ அவைதான் முதல் அம்மா. ஒருத்தரும் மார்க் போடத் தேவையில்லை." அப்படியென்றால் மற்றதை விட்டுவிடு என்றேன். "விட்டா அவை சொன்னது சரியெண்டு போயிடும்" என்றாள். இரேனாவுக்குக் கோபம். முதுகு கூனிப் போகும், கோடு கெட்டுப் போகும் என்றா. ரெக்ஸுக்கும் கோபம். அந்த ஆட்டமெல்லாம் வேகத்தைத் தின்றுவிடும் என்றான். இரண்டு பேரும் தனித்தனியாக அப்பாவிடம் வந்து ஒன்றை விடச் சொல்லுங்கள் என்று நின்றார்கள். அப்பா மெஷினுக்குள் விட்ட தலையை வெளியில் எடுக்காமலே, "அவளைக் கேளுங்கள்" என்றார். அவளைக் கேட்டார்கள். அவள் இரண்டுக்கும் வந்துகொண்டே இருந்தாள். காலையில் வெள்ளைச் சப்பாத்து, ஞாயிறு பின்னேரம் கறுப்புச் சப்பாத்து.

இனி எழுதப்போவதை உனக்காக எழுதவில்லை. வதனி இதை வாசிப்பாள் என்பதற்காக எழுதுகிறேன். அவளுக்குப் பதினாலு வயது நடக்கும்போது எங்கள் பக்கத்துப் பேப்பரில் அந்தப் படம் வந்தது. அந்த வருசப் பொங்கலுக்குத் தமிழ்ச் சனமெல்லாம் ஒரு தேவாலய ஹோலை எடுத்துக் கூடினோம். சமையலறையில் ஒரு அன்ரி, பெயர் வேண்டாம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "பிள்ளையை அரைப் பாவாடையோட விட்டிருக்கிறியள். நாளைக்கு ஆர் கட்டுவினம்?" நான் அதைத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்தால் நீ பேப்பர்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "உங்களுக்கு வெக்கமில்லையே அம்மா? என்னோட படிக்கிற பெடியள் எல்லாரும் பார்த்திட்டாங்கள். நான் என்னெண்டு முகத்தைக் காட்டுறது?" அந்த வார்த்தைதான் என்னை விழுத்தியது. பெடியன்கள் என்ன பார்த்தார்கள்? உன் தங்கச்சி ஒற்றைக் காலில் நேராக நிற்பதைப் பார்த்தார்கள். அதை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் என் தையல் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

என் கலியாணக் கூறைச் சேலையின் கரையை வெட்டினேன். அவளுடைய போட்டி உடுப்பின் கீழே முழங்காலுக்கு வருகிற மாதிரி அந்தக் கரையை வைத்துத் தைத்தேன். மூடியும் இருக்கும், சரிகையோடு வடிவாகவும் இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றினேன். வதனி போட்டுப் பார்த்துவிட்டு, "பாரமா இருக்கு அம்மா. குந்திச் சுத்தேக்க காலில படும்" என்றாள். "படாது" என்றேன். எனக்கு என்ன தெரியும் படுமா படாதா என்று? ஆனாலும் படாது என்றேன், அவள் நம்பினாள். மாநிலப் போட்டியில், குந்தியபடி சுழல்கிற இடத்தில், அந்தக் கரை அலகுக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிகை கிழிகிற சத்தம் மேலே இருந்த எனக்குக் கேட்கவில்லை, ஆனால் இன்றுவரைக்கும் கேட்கிறது. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி விழுந்தாய் என்று கேட்க, "என்ர பிழை, சறுக்கிட்டுது" என்றாள். இரண்டு நாள் கழித்து இரேனா வந்து, கத்தரித்து எடுத்த அந்தக் கரையை ஒரு கடுதாசிப் பைக்குள் போட்டு என் கையில் தந்துவிட்டுப் போனா. தங்கச்சி விழுந்துவிட்டாள் என்றுதான் நீ எல்லாரிடமும் சொன்னாய். நீ சொன்னாய், நான் தைத்தேன், அவள் விழுந்தாள். சரியான வரிசை அதுதான். வதனி, இதை உன்னிடம் நான் ஒரு நாளும் நேரே சொன்னதில்லை. என்னை மன்னி.

மாவுக்கட்டோடு ஆறு கிழமை இருந்தாள். அந்தக் கையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினாள். வேக ஓட்டத்தில் ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்களாம், அதனால் வசதி என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த வருசம் விக்ரோறியா மாநிலத்தின் கனிஷ்ட பெண்கள் பிரிவில் இரண்டு போட்டியிலும் இறங்கினாள். அப்போது நீ வேலை கிடைத்து சிட்னிக்குப் போயிருந்தாய், அதனால் சொல்கிறேன். முதல் ஞாயிறு வேக ஓட்டம். ஆறு பிள்ளைகள். தொடங்கும்போதே ஒருத்தி முழங்கையால் தள்ள, இவள் கடைசியாகப் போனாள். நான் கண்ணை மூடிவிட்டேன். அப்பா இயந்திர அறைக் கதவடியில் வேலை உடுப்போடு நின்று, அந்த அமைதியான மனிசன், "ஓடு பிள்ளை! உள்ளுக்கால ஓடு!" என்று தமிழில் கத்தினார். கண்ணைத் திறந்தால் கடைசி இரண்டு சுற்று. மூலையில் மற்றவர்கள் அகலமாக விலகுகிற இடத்தில் இவள் கட்டையை உரசிக்கொண்டு உள்ளே புகுந்தாள். எட்டு எழுதிப் பழகின கால் அது, தம்பி. கோட்டை விட்டு விலகாது. ரெக்ஸ் தன் தொப்பியை ஐஸில் எறிந்தான். இரேனாவின் எட்டுத்தான் வென்று தந்தது என்று அவனே வாயால் சொன்னான்.

அடுத்த ஞாயிறு மற்றப் போட்டி. எட்டு எழுதி முடித்ததும் நடுவர்கள் ஐஸில் இறங்கி வந்து கோட்டைக் குனிந்து பார்ப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நடந்துகொண்டே பார்த்தார்கள். வதனி எழுதினதுக்கு ஒரு வயதான நடுவர் முழங்காலில் இருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று தரம் போன கோடு ஒரே கோடாகத்தான் தெரிந்ததாம். பாட்டுக்கு ஆடும்போது இரேனா தைத்துக் கொடுத்த சின்ன உடுப்பைத்தான் போட்டாள். நான் அதற்கு ஒரு ஊசிகூடக் குத்தவில்லை. அன்றைக்கு அவளை இறக்க ஒருத்தருக்கும் வழி இருக்கவில்லை. ஒரே வருசத்தில் இரண்டிலும் முதலாவதாக வந்த பிள்ளையைத் தாங்கள் கண்டதில்லை என்று அந்த மண்டபத்திலேயே நெடுநாள் நிற்கிறவர்கள் சொன்னார்கள்.

போன வருசம் முழு நாட்டுக்குமான போட்டி சிட்னியில். நீ அங்கேதான் இருந்தாய். ஸ்ரேசனுக்குக் காரோடு வந்தாய், எங்களை மண்டப வாசலில் இறக்கினாய், "பார்க்கிங் இல்லை அம்மா, பிறகு வாறன்" என்றுவிட்டுப் போனாய். வாசலுக்கு முன்னால் வெறும் வெளி கிடந்தது. இரண்டு நாளும் நீ உள்ளே வரவில்லை. இரண்டு நாளும் அவள் வென்றாள். வெளியில் வந்து உனக்குக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள், நீ அதை வாங்கிக் காரின் பின் பெட்டிக்குள் வைத்தாய். "நல்லது, நல்லது" என்றாய். அன்றைக்கு உனக்கு வேலைக் களைப்பு என்று நான் வதனிக்குச் சொன்னேன். உனக்காக நான் சொன்ன பொய்களை எண்ணினால் இந்தக் கடிதம் முடியாது. இன்று நீ சரளமாகப் பொய் சொல்கிறாய் என்றால், அதைப் பழக்கினவள் நான்தான்.

கலியாணம் கட்டப் போகிற மகனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும். சொல்கிறேன், கேள். வீட்டில் ஒருவன் பொய் சொன்னால் அவன் மட்டும் அதைச் சுமப்பதில்லை. நீ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அப்பா கையை ஒளித்தார், நான் வடையை நீட்டினேன், தங்கச்சி நொண்டினாள். நாளைக்கு உன் வீட்டில் உன் மனிசி நொண்டுவா, உன் பிள்ளைகள் நொண்டுவார்கள். யாருக்குப் பயந்து இதைச் செய்தாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கௌரியின் தாய் தகப்பன் ஊரில் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வீடு எரிவதை ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்த சனம். ஒரு பிள்ளை ஐஸில் ஓடுகிறாள் என்று கேட்டு அவர்கள் மயங்கி விழப்போவதில்லை. பயம் அவர்களுக்கு இல்லை, உனக்கு. சிரித்த அந்தப் பெடியன்களை விட்டு நீ இன்னும் வெளியில் வரவில்லை. அது உன் காயம். அதற்கு அவளுடைய காலையா கட்டுவது?

திங்கட்கிழமை காலை வதனி பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, சப்பாத்தின் அலகைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "அம்மா, அண்ணாட கலியாணத்தில தோழியா நிக்கேக்கையும் நான் நொண்டித்தான் நடக்கோணுமோ?" கேலி இல்லை. கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். நீ தாலி கட்டும்போது பொம்பிளைக்குப் பின்னால் நிற்க உனக்குத் தங்கச்சி வேண்டும். அவள் யார் என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அந்தச் சடங்குக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கும், எந்தக் கால் என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும் கௌரிக்குப் போன் எடுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நடனம் இல்லை, முழங்கால் நோ இல்லை, அப்பா ஸ்கேற்றிங் மண்டபத்தில் மெஷின் பார்க்கிறவர். அந்தப் பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும் மாமி" என்றாள். "என்னோட வேலை செய்யிற ஒருத்தி போன வருசம் அந்தப் போட்டி பார்க்கப் போனவ. நீங்கள் கட்டப்போறவற்ற குடும்பப் பேர்தானே எண்டு பேப்பர் கொண்டு வந்து காட்டினவ. எனக்குச் சரியான சந்தோசம். இவர் எப்ப சொல்லுவார் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். ஒவ்வொரு முறையும் தங்கச்சியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தனான். படிக்கிறா, படிக்கிறா எண்டார். இப்ப அம்மா வந்து, பாவம் அந்தப் பிள்ளை நொண்டுது எண்டு சொன்னா. அப்பதான் எனக்குப் பயம் வந்தது மாமி." கடைசியில் கேட்டாள்: "இப்பிடியொரு தங்கச்சியையே மறைக்கிறவர், நாளைக்கு என்னில ஒரு குறை கண்டா என்னை எங்கை வைப்பார்?" தம்பி, என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்தைந்து வருசத்தில் உனக்காக ஒரு பொய் சொல்ல என்னால் முடியாமல் போனது அன்றைக்குத்தான்.

கலியாணம் நடக்கும் என்றும் அவள் சொல்லவில்லை, நிற்பாட்டு என்றும் சொல்லவில்லை. வதனி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ரெயிலில் இங்கே வருகிறாள், எங்கள் வீட்டில்தான் தங்குகிறாள். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வதனியோடும் அப்பாவோடும் மண்டபத்துக்குப் போகிறாள். தாய் தகப்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். நீ இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது உனக்கு மூன்று நாள் இருக்கும். வருவதென்றால் வா. வந்தால் அந்த ஐஸின் ஓரத்தில் நின்று, இவ என்ர தங்கச்சி, இவர் என்ர அப்பா, இது அவற்ற வேலை என்று உன் வாயால் கௌரிக்குச் சொல்லு. நான் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க மாட்டேன். கிண்ணங்கள் நீ வைத்த இடத்திலேயே, போர்வையோடு கிடக்கின்றன. அப்பா எடுத்து வைக்கப் போனார், நான் விடவில்லை. வராவிட்டால், கௌரி திரும்பவும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்பாள். அப்போது நான் அவளுக்கு உண்மையைத்தான் சொல்லுவேன். நீ என் மூத்த பிள்ளை, உன்னில் எனக்குள்ள அன்பு குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

அம்மா

அப்பா வாசித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கீழே பென்சிலால் எழுதியிருப்பது வதனி. உனக்கு இரக்கம் காட்டுகிற நேரம் இது இல்லை, அழி என்றேன். அழிக்க மாட்டாளாம். அவள் எழுதியது இதுதான்: "அண்ணா, முன் கதவு எட்டு மணிக்குத்தான் திறப்பினம். மெஷின் ரூம் பக்கத்தால வாங்கோ, அப்பா திறந்து விடுவார். தடிச்ச சொக்ஸ் போட்டுக்கொண்டு வாங்கோ, நிண்டா கால் விறைக்கும்."